பதினேழாவது மரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் குடியிருப்பான தாமானுக்குப் பின்னால் ஒரு செம்பனைத் தோட்டம் இருக்கிறது. குலை ஏற்றும் லோரி போய்வர அதன் ஓரமாக ஒரு செம்மண் சாலை. 2022 மார்ச்சில் ஒரு காலை அந்தச் சாலையில் நடக்க இறங்கி, பதினேழாவது மரத்தடியில் நின்றுவிட்டேன். நெஞ்சு வலிக்கவில்லை, தலை சுற்றவில்லை. மூச்சுதான் போதவில்லை. இழுத்த காற்று பாதியிலேயே நின்றுவிடுவது போல இருந்தது. செம்பனையை முக்கோணமாக நடுவார்கள், மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர். அப்படியானால் நான் நடந்தது சுமார் 150 மீட்டர். அதுவும் மேடே இல்லாத சமமான பாதை. அப்போது எனக்கு வயது 52, உயரம் 155 செ.மீ., எடை 92 கிலோ.

இதே நிலத்தில் முன்பு ரப்பர் மரம், நாங்கள் சொல்லும் பால்மரம், நின்றது. அம்மா இங்கேதான் பால் வெட்டினார். இருட்டோடு எழுந்து, பெயர் கூப்பிடும் பிரட்டுக்குப் போவார். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு 500 மரம் வெட்டி முடிப்பார். வெயில் ஏறியதும் மறுபடி அதே நிரையில் மங்கு மங்காகப் பால் எடுத்து, காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி ஆட, ஸ்டோருக்கு நடப்பார். 52 வயதிலும் அவர் வேலையில்தான் இருந்தார். 500 மரம் பார்த்தவருடைய மகள் பதினேழில் நின்றேன். அந்த மரத்தில் கையூன்றி நின்றபோது எனக்கு வந்தது பயமல்ல, வெட்கம். அதே வெட்கம்தான் அதுவரை எந்த டாக்டரிடமும் உள்ளதை உள்ளபடி சொல்லவிடாமல் என்னைத் தடுத்திருந்தது. இப்போது எழுதுவதும் அதனால்தான்.

மூச்சு வாங்குவது ஒரு நாளில் வந்து நிற்பதில்லை. அது வரவர நாமே அதற்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறோம். நான் ஒரு தமிழ்ப்பள்ளியில் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறேன். ஆசிரியர் அறை மாடியில். தேநீர்த் தட்டை ஒரு காலத்தில் நானே கொண்டு போவேன். பிறகு உதவிக்கு இருக்கும் பிள்ளையை அனுப்பினேன், "நீ போயிட்டு வா, எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று. பாசார் மாலம் என்ற இரவுச் சந்தையில் கடைக்குக் கடை நின்று விலை கேட்பேன். வாங்குவதற்கல்ல, மூச்சு திரும்புவதற்கு. கோயிலுக்கு மகன் மோட்டாரில் வாசல்வரை கொண்டுவிட வேண்டும். 2020 தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு பத்துமலை போனோம். 272 படிகளையும் கீழிருந்து பார்த்துவிட்டு, "நீங்க போங்க, நான் செருப்பைப் பாத்துக்கிறேன்" என்றேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

குனிந்து செருப்பு வாரை மாட்டினால் மூச்சு முட்டும். வயிறு இடிக்கிறது என்று நினைத்தேன். ஆனால் குனிந்த அரை நிமிடத்துக்குள் மூச்சு முட்டுவதை இதய மருத்துவர்கள் தனி அறிகுறியாகவே கேட்கிறார்கள். ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றானது. மாலையில் கணுக்காலில் கொலுசுத் தடம் பதிந்து கிடக்கும். நாள் முழுக்க நிற்கிறேன் அல்லவா, அதனால் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

உங்களுக்கு இதில் ஏதாவது பொருந்தினால் முதல் வேலையாக ஒரு தாளை எடுங்கள். "மூச்சு வாங்குதா?" என்று உங்களையே கேட்காதீர்கள், "இல்லை" என்றுதான் பதில் வரும். நடக்காதவருக்கு எங்கே மூச்சு வாங்கும்? இரண்டு வருஷத்துக்கு முன் செய்து, இப்போது செய்யாமல் விட்ட காரியங்களை எழுதுங்கள். மாடிப்படி, சந்தை, கொடியில் துணி காயப்போடுவது, பேரப்பிள்ளையைத் தூக்குவது. நான் எழுதியபோது பதினொன்று வந்தது. டாக்டரிடம் நான் கொண்டுபோனதில் எல்லாவற்றிலும் உபயோகமானது அந்தத் தாள்தான்.

அந்த மரத்தடியில் நின்றதற்கு முந்தைய வருஷம் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போயிருந்தேன். என் உடம்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எடையைக் குறைங்கம்மா, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி வாயு மாத்திரை கொடுத்தார்கள். நெஞ்சில் குழாய் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஆறு மாதம் போனது. அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. உடம்பு பெருத்தவருக்கு மூச்சு வாங்கினால் உடம்பால்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். உடம்பால்தான், மறுக்கவில்லை. ஆனால் உடம்பு உள்ளே என்ன செய்துவைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

பதினேழாவது மரத்துக்கு மறுநாள் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி எண் எடுத்தேன். அங்கிருந்த மிஸ்ஸி, அதாவது தாதி, கையில் முதலில் கட்டிய பட்டையில் ரத்த அழுத்தம் 168/96 காட்டியது. அவர் என் மேற்கையைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பெரிய பட்டையை எடுத்து வந்து மறுபடி பார்த்தார், 152/90. பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். 152 என்பதும் அதிகம்தான், ஆனால் மாத்திரையின் அளவு அந்த எண்ணை வைத்துத்தானே முடிவாகிறது. வீட்டில் மெஷின் வைத்திருப்பவர்கள் பட்டையில் அச்சிட்டிருக்கும் சுற்றளவைப் பாருங்கள். என் மேற்கை 37 செ.மீ., வீட்டில் இருந்த பட்டையோ 32 வரைதான்.

இடுப்புச் சுற்றளவு 108 செ.மீ. இருந்தது. நம் போன்ற ஆசியப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 என்பதே எல்லை. கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் பிஎம்ஐ நமக்கு 23 தாண்டினாலே கூடுதல், 27.5 தாண்டினால் உடற்பருமன். எனக்கு 38. மலேசியாவின் 2019 தேசிய சுகாதார ஆய்வில், கூடுதல் எடையும் உடற்பருமனும் சேர்ந்து இந்தியர்களில் 63.9 விழுக்காடு, நாட்டின் எல்லா இனத்தாரிலும் நாம்தான் முதலிடம். நம் உடம்பில் கொழுப்பு வயிற்றுக்குள்தான் முதலில் குடியேறுகிறது. கையும் காலும் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் தள்ளிய ஆண்களை ஊரில் எத்தனை பேரைப் பார்க்கிறோம்! அவர்களில் பலருக்குத் தாங்கள் குண்டு என்ற எண்ணமே கிடையாது.

அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள். ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ எடுத்தார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள ரத்தத்தில் 62 விழுக்காட்டை வெளியே தள்ளுகிறது என்று வந்தது. அது நல்ல எண். இதயம் திணறுவதைக் காட்டும் ரத்தச் சோதனையும் எல்லைக்குள்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் அப்போதே பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். டாக்டர், ஒரு மலாய்க்காரப் பெண், அவரை உட்காரச் சொன்னார்.

அவர் மலாயில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். இதயத்துக்கு இரண்டு வேலை. சுருங்கி ரத்தத்தைத் தள்ளுவது ஒன்று, தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வது இன்னொன்று. என் இதயம் நன்றாகத் தள்ளுகிறது, சரியாகத் தளர மறுக்கிறது. சுவர் தடித்து விறைத்துப்போயிருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது தெரியாது. நடந்தால் நாடி வேகமெடுக்கிறது, துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி குறுகுகிறது. அந்தக் குறுகிய நேரத்தில் விறைத்த இதயம் நிரம்ப வேண்டுமானால் உள்ளே அழுத்தம் ஏறித்தான் ஆக வேண்டும். அந்த அழுத்தம் பின்வாங்கி நுரையீரலுக்குப் போகிறது. மரத்தடியில் நான் நின்றது அதனால்தான். ரத்தச் சோதனை ஏன் நன்றாக இருந்தது என்று கேட்டேன். உடம்பு பெருத்தவர்களுக்கு அந்த எண் இயல்பாகவே தாழ்ந்து நிற்கும், அது நன்றாக வந்ததை மட்டும் வைத்து இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது என்றார். இதை ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். "ரத்தம் எல்லாம் நார்மல்" என்ற ஒரு வார்த்தையோடு எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்புகிறார்களோ.

இந்த நிலைக்கு அவர் சொன்ன பெயர் ஹார்ட் ஃபெயிலியர், அதில் தள்ளும் திறன் குறையாத எச்.எஃப்.பெஃப் என்ற வகை. ஃபெயிலியர் என்ற சொல்லைக் கேட்டதும் என் கை குளிர்ந்துவிட்டது. இதயம் நின்றுபோகப் போகிறது என்று பொருளில்லை, உடம்பு கேட்கும் அளவுக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை என்றுதான் பொருள் என்று அவர் பொறுமையாக விளக்கினார். இந்த வகை பெண்களிடம் கூடுதலாகத் தெரிகிறது. ரத்த அழுத்தமும் உடற்பருமனும் சர்க்கரையும் கைகோத்து வளர்ப்பது இது. எனக்கு மூன்றுமே இருந்தன, சர்க்கரை அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மாவின் காண்டாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் பாரம் சுமந்தார். ஆனால் ஸ்டோரில் பாலை ஊற்றியதும் தோள் காலியாகிவிடும். நான் சுமப்பது தூங்கும்போதும் இறங்காதது. அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. வாளிப் பால் சும்மா கிடக்கும் பாரம். கொழுப்பு அப்படியல்ல, அதற்கு உயிர் உண்டு, அதற்கும் ரத்தம் வேண்டும். எடை ஏற ஏற உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவும் ஏறுகிறது. நிமிடத்துக்கு நிமிடம் கூடுதலாக இறைத்து இறைத்து இதயம் பெரிதாகிறது, சுவர் தடிக்கிறது. இதயத்தைச் சுற்றியே கொழுப்பு படிந்து, அது விரிவதற்குள்ள இடத்தையும் நெருக்குகிறது. வயிறு தனக்கும் நெஞ்சுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத் தசையை மேலே தள்ளுவதால் நுரையீரலுக்கும் இடம் குறைகிறது. மார்பின் மேல் இருக்கும் பாரத்தைத் தூக்கி மூச்சு விடுவதே ஒரு வேலையாகிவிடுகிறது. நடப்பதற்கென்று இருக்கும் பிராணவாயுவில் ஒரு பங்கை மூச்சு விடும் தசைகளே எடுத்துக்கொள்கின்றன.

ஆஸ்பத்திரியில் டிரெட்மில்லில் நடக்கவைத்தும் சோதித்தார்கள். அதில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் சரிவையும் கூட்டுவார்கள். முதல் கட்டம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 விழுக்காடு ஏற்றம். இரண்டாம் கட்டம் 4 கிலோமீட்டர், 12 விழுக்காடு. நான் இரண்டாம் கட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் கைகாட்டிவிட்டேன். ரத்தக்குழாய் அடைப்புக்கான அறிகுறி தெரியவில்லை, அது பெரிய நிம்மதி. பிறகு ஆறு நிமிட நடை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இரண்டு அடையாளத்துக்கு நடுவே ஆறு நிமிடம் முடிந்த மட்டும் நடக்க வேண்டும், நின்றுகொள்ளலாம். 290 மீட்டர் வந்தது.

அந்த டாக்டர் எடையைப் பற்றிப் பேசும் முன் நடையைப் பற்றிப் பேசினார். அதற்கு நான் என்றும் நன்றி சொல்வேன். அமெரிக்காவில் 100 பேரைக்கொண்டு நடந்து 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வு பற்றிச் சொன்னார். எல்லோரும் வயதானவர்கள், உடற்பருமனும் இதே வகை ஹார்ட் ஃபெயிலியரும் உள்ளவர்கள். 20 வாரம் சாப்பாட்டைக் குறைத்தவர்களுக்கு உடம்பு பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன் கூடியது, நடந்தவர்களுக்கும் கூடியது, இரண்டையும் செய்தவர்களுக்கு இன்னும் கூடியது. "எடை குறைஞ்ச பிறகு நடக்கலாம்னு காத்திருக்காதீங்க" என்றார். நான் பத்து வருஷமாகக் காத்திருந்தது அதற்குத்தானே!

நடையை எப்படித் தொடங்கினேன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் முன்பு மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் ஒரே வாரத்தில் விட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் அரைமணி நேரம் என்று குறிவைத்தேன். இந்தத் தடவை பத்து மரம். பத்து மரம் நடந்து, ஒரு நிமிடம் நின்று, மறுபடி பத்து. பதினேழில் மூச்சு போகிறது என்று தெரிந்த பிறகு பதினேழு வரை போய்ப் பார்ப்பதில் அர்த்தமில்லை, அதற்கு முன்னாலேயே நிற்க வேண்டும். முதல் வாரம் மூன்று பத்து, அவ்வளவுதான். வேகத்துக்கு எதிர்வீட்டு அக்காதான் அளவுகோல். அவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் காற்று இழுத்தால் வேகம் அதிகம், பாட்டே பாடலாம் என்றால் குறைவு. அக்காவுக்குப் பேச்சு நிற்காது, அதனால் என் வேகம் தப்பவில்லை.

முதல் ஐந்து நிமிடம் நிதானமாக நடப்பேன், கடைசி ஐந்து நிமிடமும் அப்படியே, சட்டென்று நிற்க மாட்டேன். ஏழு மணிக்கு வெளிச்சம் வந்ததும் கிளம்பிவிடுவோம். நம் ஊரில் ஒன்பது மணிக்கு மேல் நடந்தால் உடம்பைக் குளிர்விக்கவே இதயம் தோலுக்கு ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது, கால்களுக்குப் பங்கு குறைந்துவிடும். மழைநாளில் பள்ளித் தாழ்வாரம். புகைமூட்ட நாளில் வீட்டுக்குள் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, பத்துப் பத்தாக மூன்று சுற்று. தொடைக்கு வலு வந்தது அதில்தான். முழங்கால் வலி எனக்கு இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் நான்கு கிலோ அளவு குறைகிறது. அந்தக் கணக்குத் தெரிந்தபின் முதல் இரண்டு கிலோவையே பெரிதாக நினைத்தேன்.

நினைக்கத்தான் வேண்டியிருந்தது, ஏனென்றால் மூன்று மாதத்தில் குறைந்தது அந்த இரண்டு கிலோ சொச்சம்தான். தராசை மட்டும் பார்த்திருந்தால் நான்காவது தடவையும் விட்டிருப்பேன். ஆனால் அதே மூன்று மாதத்தில் நிற்காமல் அறுபது மரம் நடக்க வந்துவிட்டது, 500 மீட்டருக்கு மேல். எடை அசையும் முன்பே கால் தசை பழகிவிடுகிறது. வந்த ரத்தத்திலிருந்து கூடுதல் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது, அதே நடைக்கு இதயம் அத்தனை வேகமாக ஓட வேண்டியதில்லை. அதனால் நடையைத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, மரத்தையோ விளக்குக் கம்பத்தையோ எண்ணி நோட்டில் எழுதுங்கள் என்பதுதான். தராசுக்கு மாதம் ஒரு தடவை போதும்.

எடையும் வீண் இல்லை. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊர் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2002-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பிஎம்ஐ ஒவ்வொரு புள்ளி கூடும்போதும் ஹார்ட் ஃபெயிலியர் வரும் ஆபத்து ஆண்களுக்கு 5 விழுக்காடும் பெண்களுக்கு 7 விழுக்காடும் கூடுகிறது. என் உயரத்துக்கு ஒரு புள்ளி என்பது 2.4 கிலோ. அவ்வளவுதானா என்று நான் சலித்துக்கொண்ட அந்த மூன்று மாத எடை, சரியாக அந்த ஒரு புள்ளி.

சாப்பாட்டில் எனக்கு இருந்த சிக்கல் சோறு அல்ல, மிச்சம். கன்டீனில் பத்தரை மணி ஓய்வு முடிந்ததும் மீ கோரெங் கொஞ்சம், நாசி லெமாக் இரண்டு பொட்டலம், உடைந்த கரிபாப் நாலு கிடக்கும். கொட்ட மனசு வராது. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். சம்பள நாளுக்கு முந்தைய வாரம் அம்மா கஞ்சியில் தண்ணீர் கூட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். தட்டில் ஒரு பருக்கை கிடந்தால் அம்மா ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வார். அந்தப் பழக்கம் பசியில் பிறந்தது, புனிதமானது. நான் அதை எண்ணெய் மிதக்கும் மீ கோரெங்குக்கும் கொடுத்துவிட்டேன். பசியாறியது ஏழு மணிக்கு, மிச்சம் பதினொரு மணிக்கு, மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு. ருசி பார்ப்பது தனி.

செய்த மாற்றம் இதுதான். மிஞ்சியதை பதினொரு மணிக்கே கட்டி, தோட்டம் கூட்டுபவருக்கும் காவலாளிக்கும் கொடுத்துவிடுகிறேன். அளவைக் குறைத்துச் சமைக்கப் பழகினேன். மதியம் சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறை. தட்டில் கால்பங்கு சோறு, கால்பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதி காயும் பழமும். பாதித் தட்டுக் காய் என்றால் நம் வீடுகளில் ஒரு கரண்டிப் பொரியல் வைக்கிறோமே, அதுபோல நாலு மடங்கு. டின் பால் ஊற்றிய தே தாரேக் நாளுக்கு நாலு குடித்தவள், இப்போது பாலில்லாத தேஓ, அதுவும் சீனி போடாமல். முதல் மூன்று வாரம் தலைவலியே வந்தது, பிறகு நாக்கு பழகிவிட்டது. கருவாட்டையும் ஊறுகாயையும் குறைத்ததில் காலின் கொலுசுத் தடம் போனது. உப்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும், அந்தத் தண்ணீரையும் இறைக்க வேண்டியது இதே இதயம்தான்.

குறட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் குறட்டை நடுவில் நின்று, பிறகு திணறி எழும் என்று வீட்டுக்காரர் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய். ஒவ்வொரு தடையிலும் பிராணவாயு இறங்கி, ரத்த அழுத்தம் ஏறும், இதயம் இரவிலும் ஓய்வெடுக்காது. எனக்கு லேசாகத்தான் இருந்தது, பக்கவாட்டில் படுப்பதும் எடை குறைந்ததும் போதுமாயின. கடுமையாக இருப்பவர்களுக்குக் காற்று மெஷின் வேண்டும். உங்கள் குறட்டையை நீங்கள் கேட்க முடியாது, பக்கத்தில் படுப்பவரை டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

மாத்திரைகளை நான் விடவில்லை. ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, தண்ணீர் இறங்க ஒன்று, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின் ஒன்று. இந்த மருந்தும் இதே வகை இன்னொரு மருந்தும் இப்படிப்பட்ட இதயத்துக்கு ஆஸ்பத்திரிச் சேர்க்கையைக் குறைப்பதாக 2021, 2022-ல் பெரிய ஆய்வுகள் காட்டின. எடை குறைக்கும் ஊசியைப் பற்றி என் மகள் கேட்டாள். செமாகுளூட்டைடு ஊசியை ஓராண்டு போட்டவர்களுக்கு எடை 13 விழுக்காடு குறைந்து, ஆறு நிமிட நடை 20 மீட்டர் அளவு கூடியதாக 2023-ல் வந்த ஆய்வு சொல்கிறது. நல்ல மருந்துதான். என் குடும்பத்துக்கு அந்தச் செலவு தாங்காது, அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்று நானும் டாக்டரும் பேசி முடிவு செய்தோம். ஆனால் முகநூலில் விற்கும் மெலியவைக்கும் காப்பியையும் பெயரில்லாத மாத்திரையையும் தயவுசெய்து தொடாதீர்கள். அப்படிப்பட்டவற்றில் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும் சிபுட்ராமின் கலந்திருப்பதை அதிகாரிகள் மறுபடி மறுபடி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஏற்கெனவே தவிக்கும் இதயத்தின்மேல் சாட்டை போடுவதாகும் அது.

நடை நல்லது என்று நான் சொல்வதைக் கேட்டு, சோதிக்காமலே இறங்கிவிடவும் வேண்டாம். நடக்கும்போது நெஞ்சு இறுகினால், வலி தாடைக்கோ கைக்கோ முதுகுக்கோ பரவினால், குளிர்ந்து வியர்த்தால், கண் இருட்டினால் அங்கேயே உட்காருங்கள், 999-ஐ அழையுங்கள். மோட்டாரில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோகலாம் என்று நினைக்காதீர்கள். பெண்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலும் குமட்டலும் தாங்கமுடியாத அசதியுமாகவும் மாரடைப்பு வரலாம். மூன்றே நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது கொழுப்பல்ல, தண்ணீர், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நானே ஒரு தீபாவளி வாரத்தில் அப்படிப் போனேன், முறுக்கும் ஊறுகாயும் செய்த வேலை.

இப்போது என் எடை 81. ஆறு நிமிட நடை 410 மீட்டர். இதயம் இன்னும் விறைப்பாகத்தான் இருக்கிறது, எக்கோவில் பெரிய மாற்றம் இல்லை என்றே டாக்டர் சொன்னார். தோட்டத்துக் கோயிலுக்குப் போகும் வழியில் உள்ள மேட்டில் இன்றும் நடுவில் ஒரு தடவை நிற்கிறேன். அங்கே நிற்பதற்கு இப்போது எனக்கு வெட்கமில்லை. பின்னால் வருபவர் கேட்டால், "மூச்சு வாங்குது, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிடுகிறேன். தேநீர்த் தட்டை மாடிக்கு நானே கொண்டுபோகிறேன்.

போன மாதம் கோயில் திருவிழாவில் என் அண்ணி மேட்டின் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "மேல கூட்டமா இருக்கும் தங்கச்சி, நான் இங்கயே சாமி கும்பிட்டுக்கிறேன்" என்றார். மேலே அப்போது பத்துப் பேர்கூட இல்லை. நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, இப்போதெல்லாம் எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு மூன்று விரலைக் காட்டினார். மறுநாள் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு பேருமாக அந்தத் தாளை எழுதினோம், ஒன்பது வந்தது. வருகிற புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அவருக்குக் கிளினிக்கில் நாள் கொடுத்திருக்கிறார்கள். கன்டீனை அன்றைக்கு உதவிப் பிள்ளை பார்த்துக்கொள்வாள். பெரிய பட்டையில் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்ல வேண்டும், நான் கூடவே போகிறேன்.